பழைய மின் காரும் மெதுவான சார்ஜும்: பழுதா, பாதுகாப்பா?

பேட்டரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? லேப் மூலையில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி, ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் வைவாவில் தவறாமல் வரும் "ஸ்பெசிஃபிக் கிராவிட்டி எவ்வளவுப்பா?" என்ற கேள்வி. ஆனால் டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம் முன்னால் வந்து நிற்கப்போவது லித்தியம் பேட்டரி வைத்த கார். அந்தக் காரும் புதுசாக இருக்காது. ஐந்து வருஷம், ஆறு வருஷம் ஓடிய காராக இருக்கும். அதன் சொந்தக்காரர் கேட்கப்போகும் கேள்வியையும் இப்போதே சொல்லிவிடலாம்:

"வாங்கினப்போ சர்ருன்னு சார்ஜ் ஏறுச்சு. இப்ப ஏன் இழுக்குது? கம்பெனிக்காரன் ஏதாச்சும் பண்ணிட்டானா?"

இந்தக் கேள்விக்கு நாம் சரியான பதில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பதிலில் இரண்டு பாகம் உண்டு. முதல் பாகம் இயற்பியலும் ரசாயனமும். இரண்டாவது பாகம் நியாயம். முதல் பாகம் தெரியாதவனால் இரண்டாவது பாகத்தைப் பேச முடியாது. ஆகவே கணக்கிலிருந்து ஆரம்பிப்போம்.

சில அடிப்படைகள்

லித்தியம் அயனி மின்கலத்தை 1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படை போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கலத்தில் ஒரு பக்கம் கிராஃபைட் முனை. எதிர்ப்பக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு முனை, அல்லது இரும்பு பாஸ்பேட் முனை. நடுவே ஒரு கரைசலும் ஒரு மெல்லிய தடுப்புத் தாளும். சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி, கரைசலில் நீந்தி வந்து, கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன. ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம், அதுதான் கிராஃபைட்டின் கொள்ளளவு. வண்டி ஓடும்போது அவை எழுந்து பழைய இடத்துக்குத் திரும்புகின்றன.

அடுத்து 'சி ரேட்' என்ற சொல். 66 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 66 ஆம்பியர் கொடுத்தால் அது 1 சி. கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் நிரம்பும். 132 ஆம்பியர் கொடுத்தால் 2 சி. அரை மணி நேரம். பேட்டரிக்கு ஒரு மின்னோட்டம் அதிகமா, குறைவா என்பதை வெறும் ஆம்பியரை வைத்துச் சொல்ல முடியாது. சி ரேட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, சார்ஜ் செய்யும் முறை. முதலில் மின்னோட்டத்தை மாறாமல் வைத்து ஏற்றுவார்கள். மின்னழுத்தம் மெல்ல உயரும். கலத்தின் உச்ச வரம்பை, அதாவது பெரும்பாலான ஆக்சைடு வகைக் கலங்களில் 4.2 வோல்ட்டை, அது தொட்டதும் மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். ஆகவே புத்தம்புது வண்டியிலும் கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். இது பழுது இல்லை.

தியேட்டர் கணக்கு

கிராஃபைட் முனையை ஒரு சினிமா தியேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயனிகள் ரசிகர்கள். கேட்டைத் திறந்த முதல் ஐந்து நிமிஷம் கூட்டம் கடகடவென்று உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அரங்கம் முக்கால்வாசி நிறைந்ததும் என்ன ஆகும்? டார்ச் அடித்துக் காலி நாற்காலி தேட வேண்டும். அப்போதும் வெளியே நிற்பவர்கள் அதே வேகத்தில் தள்ளினால், உட்கார இடம் கிடைக்காதவர்கள் வாசலிலும் நடைபாதையிலும் நின்றுவிடுவார்கள்.

பேட்டரியில் நடப்பதும் இதுதான். அளவுக்கு மீறித் தள்ளினால் லித்தியம் அடுக்குக்குள் போகாமல் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. முலாம் பூசுகிற வேலை என்று நாம் படிக்கிறோமே, அதேதான், ஆனால் வேண்டாத இடத்தில். கிராஃபைட்டின் மின்னழுத்தம் லித்தியம் உலோகத்தைவிட ஏறத்தாழ 0.1 வோல்ட்தான் மேலே இருக்கிறது. வேகமாகத் தள்ளும்போது அந்தச் சின்ன இடைவெளி காணாமல் போய்விடும். போனால் முலாம்தான்.

இப்படிப் படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது. அந்த அளவுக்குக் கொள்ளளவு போச்சு. இன்னொரு பகுதி ஊசி ஊசியாக வளர்ந்து தடுப்புத் தாளைக் குத்தினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கரைசல் தீப்பிடிக்கக்கூடிய திரவம்.

ஆகவே காருக்குள் இருக்கும் பேட்டரி கண்காணிப்பு யூனிட் ஒரு கண்டிப்பான கேட் கீப்பர் மாதிரி நடந்துகொள்கிறது. எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று சார்ஜருக்குச் சொல்வது அதுதான். சார்ஜர் தன் இஷ்டத்துக்கு ஊட்டுவதில்லை. வண்டி கேட்பதைத்தான், தன் சக்திக்கு உட்பட்டு, கொடுக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் பங்க்கில் நின்று சார்ஜரோடு சண்டை போடுகிறவர்கள் அதிகம்.

வயசானால் என்ன ஆகிறது?

கிராஃபைட்டின் மேல் முதல் நாளிலிருந்தே ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அந்தப் படலம் வேண்டும். அது இல்லாவிட்டால் கரைசல் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். ஆனால் வருஷம் போகப்போக அது தடிக்கிறது. தடிக்கும்போது இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, வேலைக்கு உதவ வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது, கொள்ளளவு குறைகிறது. இரண்டு, அயனிகள் போகும் வழியை அடைக்கிறது; உள் மின்தடை கூடுகிறது. தியேட்டர் பாஷையில், நாற்காலிகள் கொஞ்சம் உடைந்துவிட்டன, கேட்டும் துருப்பிடித்துப் பாதிதான் திறக்கிறது.

இனி ஒரு கணக்கு. உதாரணத்துக்கு நிசான் லீஃப் காரை எடுத்துக்கொள்வோம். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த வண்டி. 24 கிலோவாட் அவர் பேட்டரி. மொத்தம் 192 கலங்கள். இரண்டிரண்டாக இணையாக, 96 ஜோடிகள் தொடராக. சராசரி 360 வோல்ட் என்றால் கொள்ளளவு சுமார் 66 ஆம்பியர் அவர். வேகச் சார்ஜர் 'சேடமோ' வகை, 50 கிலோவாட், உச்ச மின்னோட்டம் 125 ஆம்பியர். (அந்தப் பெயர் 'டீ சாப்பிடலாமா' என்று பொருள்படும் ஜப்பானிய வாசகத்தை ஒட்டிய சிலேடை. சார்ஜ் ஏறுவதற்குள் ஒரு டீ என்பது அவர்கள் கணக்கு.)

பேட்டரி முழுவதற்கும் உள் மின்தடை புதிதில் 0.1 ஓம் என்றும், வயதான பின் 0.2 ஓம் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உச்ச வரம்பு 96-ஐ 4.2-ஆல் பெருக்கினால் 403. முழு எண்ணாக 400 வோல்ட் என்போம்.

புது பேட்டரி: 125 ஆம்பியர் போகும்போது உள்ளே விழும் மின்னழுத்தம் 12.5 வோல்ட். ஆகவே பேட்டரியின் உண்மையான அழுத்தம் 387.5 வோல்ட் ஆகும்வரை, அதாவது கலத்துக்கு 4.04 வோல்ட் ஆகும்வரை, முழு வேகத்தில் ஏற்றலாம். உள்ளே வீணாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்க, 1,562 வாட்.

பழைய பேட்டரி: அதே 125 ஆம்பியரில் விழுவது 25 வோல்ட். உண்மையான அழுத்தம் 375 வோல்ட், கலத்துக்கு 3.91 வோல்ட் இருக்கும்போதே வெளியே 400 காட்டிவிடும். அங்கேயே மின்னோட்டத்தைக் குறைக்க ஆரம்பிக்க வேண்டியதுதான். வெப்பமோ இரட்டிப்பு, 3,125 வாட். மூன்று இஸ்திரிப் பெட்டியைப் பேட்டரிக்குள் வைத்த மாதிரி.

பார்த்தீர்களா? யாரும் எதையும் திருகவில்லை, எந்த சாஃப்ட்வேரும் மாறவில்லை. ஓம் விதி ஒன்றே போதும், பழைய பேட்டரியில் வேகம் குறைவது சீக்கிரமே தொடங்கிவிடுகிறது.

இன்னொன்று. பேட்டரி தன் கொள்ளளவில் கால்வாசியை இழந்துவிட்டது, 66 இப்போது 50 ஆகிவிட்டது என்று வைப்போம். புதிதில் 125 ஆம்பியர் என்பது 1.9 சி. இப்போது அதே 125 ஆம்பியர் 2.5 சி ஆகிவிடும். பழைய 1.9 சி-யைத் தாண்டக்கூடாது என்றால் 95 ஆம்பியரோடு நிறுத்த வேண்டும். 360 வோல்ட் கணக்கில் 45 கிலோவாட் கொடுத்த இடத்தில் 34 கிலோவாட்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: டாஷ்போர்டில் சதவீதம் பழைய வேகத்தில்தான் ஏறும், ஆனால் உள்ளே போகும் யூனிட் குறைவு. அரை மணி நேர சார்ஜில் கிடைக்கும் கிலோமீட்டர் கால்வாசி குறைந்திருக்கும். ஆகவே "எத்தனை பர்சென்ட் ஏறுச்சு?" என்று மட்டும் கேட்காமல், "எத்தனை யூனிட் ஏறுச்சு?" என்றும் கேளுங்கள்.

சூடும் ஆகாது, குளிரும் ஆகாது

குளிரில் அயனிகள் கிராஃபைட்டுக்குள் மெதுவாகத்தான் நுழையும். முலாம் படியும் ஆபத்து அதிகம். ஆகவே குளிர்ந்த பேட்டரியில் வண்டி வேகத்தை அடக்கும். சூட்டிலோ அயனிகள் சுறுசுறுப்பாக ஓடும். ஆனால் படலம் தடிப்பதும் கரைசல் சிதைவதும் சுறுசுறுப்பாகிவிடும். குளிரில் வேகச் சார்ஜ் கெடுதல், சூட்டில் சும்மா நிற்பதே கெடுதல். இதனால்தான் பல கார்களில் பேட்டரியைச் சுற்றித் திரவக் குழாய் ஓடவிட்டு, வேண்டும்போது சூடாக்கவும் குளிர்விக்கவும் ஏற்பாடு செய்கிறார்கள். மேலே சொன்ன லீஃபில் அந்த ஏற்பாடு இருக்கவில்லை. வெளிக்காற்றை நம்பிய பேட்டரி அது.

உலகம் பார்த்த மூன்று வழக்குகள்

முதலாவது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். பாலைவன வெயில். அங்கே ஓடிய லீஃப் வண்டிகளின் பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுருங்குவதாக 2012-ல் சொந்தக்காரர்கள் குரல் எழுப்பினார்கள். அந்த வருஷக் கடைசியில் நிசான் ஒரு வாரண்டியை அறிவித்தது: ஐந்து வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் டாஷ்போர்டின் 12 கட்டங்களில் 9-க்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று. அதற்குப் பிறகு, சூடு தாங்கும் ரசாயனம் உள்ள பேட்டரியும் வந்தது. குரல் கொடுத்ததால் கிடைத்த வாரண்டி அது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, 40 கிலோவாட் அவர் பேட்டரியோடு வந்த அடுத்த தலைமுறை லீஃப். 2018-ல் ஐரோப்பாவில் நீண்ட பயணம் போனவர்கள், ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது தடவை வேகச் சார்ஜ் போடும்போது வேகம் பாதிக்கும் கீழே இறங்குவதைக் கண்டார்கள். வண்டியோ புத்தம்புது. காரணம் வயசு இல்லை, சூடு. வேகமாக ஓட்டி, வேகமாக சார்ஜ் போட்டு, ஆறுவதற்கு வழியில்லாமல் சூடேறிய பேட்டரியை வண்டி காப்பாற்றிக்கொண்டது. பிறகு நிசான் சாஃப்ட்வேரைத் திருத்தி ஓரளவு வேகத்தைத் தளர்த்தியது. இதிலிருந்து நமக்குப் பாடம்: மெதுவான சார்ஜைப் பார்த்ததும் "பேட்டரி போச்சு" என்று தீர்ப்பு எழுதாதே, முதலில் சூட்டைப் பார்.

மூன்றாவது, டெஸ்லா. அதிக எண்ணிக்கையில் வேகச் சார்ஜ் செய்த சில கார்களில் உச்ச வேகம் கொஞ்சம் குறைக்கப்படும் என்று 2017-லேயே அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2019-ல் ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் கார்கள் தீப்பிடித்த பிறகு, சார்ஜ் முறையையும் வெப்பக் கட்டுப்பாட்டையும் மாற்றும் ஒரு சாஃப்ட்வேரை வான்வழியாகவே பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளுக்கு அனுப்பியது. ராத்திரி நிறுத்தின வண்டி, காலையில் வேறு வண்டி. சில வண்டிகளில் உச்ச மின்னழுத்தமே குறைந்துபோய், ஓடும் தூரமும் குறைந்தது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2021-ல் 1,743 வண்டிகளுக்காக 15 லட்சம் டாலர் தர நிறுவனம் சம்மதித்தது. வண்டிக்கு 625 டாலர்.

மூன்று வழக்கிலும் வெளியே தெரிந்த அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்று, உள்ளே காரணம் வேறு வேறு. முதலாவதில் வெயிலோடு கூடிய வயசு, இரண்டாவதில் சூடு, மூன்றாவதில் கம்பெனியின் முடிவு.

வேகச் சார்ஜ் ஆயுளைக் குறைக்குமா?

இதற்கு நேர் பதில் சொல்லும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுக்கூடம் 2012 மாடல் லீஃப் கார்கள் நான்கை ஃபீனிக்ஸ் நகர வெயிலில் ஓடவிட்டது. இரண்டுக்கு எப்போதும் மெதுவான ஏசி சார்ஜ், இரண்டுக்கு எப்போதும் வேகமான டிசி சார்ஜ். ஐம்பதாயிரம் மைல் ஓடிய பின் அளந்தபோது நான்குமே கொள்ளளவில் ஏறத்தாழ கால்வாசியை இழந்திருந்தன. வேகச் சார்ஜ் பெற்றவை கூடுதலாக இழந்தது சில சதவீதம்தான். அதாவது பெரிய வில்லன் வெயில், வேகச் சார்ஜ் அவனுடைய கையாள்.

2023-ல் ரிக்கரண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 12,500-க்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களின் விவரங்களை ஒப்பிட்டது. பெரும்பாலும் வேகச் சார்ஜையே நம்பியவற்றுக்கும், அபூர்வமாக மட்டும் செய்தவற்றுக்கும் தூரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

"அப்படியானால் வேகச் சார்ஜ் ஒன்றும் செய்யாதே, பிறகு ஏன் வண்டி வேகத்தைக் குறைக்கிறது?" என்று கேட்கலாம். நானும் இதையே யோசித்தேன். கேள்வியைத் திருப்பிப் போட்டால் பதில் கிடைத்துவிடுகிறது. வண்டி வேகத்தைக் குறைத்ததனால்தான் வேகச் சார்ஜ் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஓவர்லோடு ரிலே இருக்கிற மோட்டார் எரியவில்லை என்பதற்காக ரிலே வேண்டாம் என்று யாராவது கழற்றுவோமா?

ஒரு கால் டாக்சியும் நாங்களும்

சென்ற விடுமுறையில் கோவையில் ஒரு சர்வீஸ் பட்டறையில் இன்பிளாண்ட் டிரெய்னிங் போயிருந்தேன். ஐந்து வருஷம் ஓடிய மின் கார் ஒன்று வந்தது. கால் டாக்சி. ஓட்டுகிறவரே முதலாளி, இன்னும் டியூ கட்டிக்கொண்டிருப்பவர்.

"தம்பி, முன்னெல்லாம் சார்ஜ் போட்டுட்டு ஒரு சாப்பாடு சாப்பிட்டு வந்தா வண்டி ரெடியா இருக்குமுங்க. இப்ப ஒன்றரை மணி நேரம் ஆகுது. ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப்பு போச்சுங்க. வாங்கின எடத்துல கேட்டா 'நார்மல்தான்'ங்கறாங்க. நார்மல்னா என்னங்க அர்த்தம்?"

சூப்பர்வைசர் அண்ணன் என்னைப் பார்த்து, "நீயே கேளு, என்ன பண்றாருன்னு" என்றார். கேட்டேன். அவிநாசி ரோட்டில் மத்தியான வெயிலில் ஓட்டிவிட்டு நேராக, கூரையில்லாத சார்ஜரில் போய்ச் சொருகுகிறார். பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போதே போடுகிறார். 100 காட்டும்வரை எடுப்பதில்லை. காத்திருக்கும் நேரத்தில் ஏசியைப் போட்டு வண்டிக்குள்ளேயே தூக்கம்.

மறுநாள் நாங்களும் சார்ஜர் பக்கத்தில் நின்று நேரத்தையும் கிலோவாட்டையும் குறித்தோம். 80 சதவீதம் வரை ஓரளவு வேகம், அதற்குமேல் விழுந்துவிட்டது. அவர் காத்திருந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி, கடைசி 20 சதவீதத்துக்காகவே போயிருந்தது. "அண்ணா, 20-க்குப் பக்கத்துல வந்தப்புறம் போடுங்க, 80 வந்ததும் எடுத்துடுங்க. நிழலான சார்ஜர் பாருங்க. முழு சார்ஜ் ராத்திரி வீட்டுல மெதுவா ஏறட்டும்" என்று சொல்லி அனுப்பினோம்.

பத்து நாள் கழித்து வந்தார். "டைம் மிச்சமாச்சுங்க தம்பி. ஆனா கிலோமீட்டர் வரலீங்களே?" என்றார். அது வராது. வயசினால் போனது போனதுதான். அதையும் அவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். முகம் சுருங்கியது. ஆனாலும், "இத மொதல்லயே ஒருத்தர் சொல்லியிருந்தா தேவலைங்க" என்றார்.

டெக்னீஷியனின் வரிசை

மெதுவான சார்ஜ் என்று வண்டி வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. சார்ஜரின் சக்தி எவ்வளவு? ஒரே இயந்திரத்தில் இரண்டு வண்டி பங்கு போடுகிறதா? வேறு சார்ஜரில் போட்டுப் பார்த்தாயிற்றா?

2. சொருகும்போது பேட்டரி எத்தனை சதவீதம்? 80-க்கு மேல் என்றால் புகாரே இல்லை.

3. பேட்டரியின் வெப்பநிலை என்ன? திரவக் குளிர்விப்பு உள்ள வண்டியில் கூலன்ட் அளவு, பம்ப், ஃபேன் மூன்றும் சரியா?

4. கலங்களுக்குள் மின்னழுத்த வித்தியாசம் உண்டா? ஒரே ஒரு பலவீனமான கலம் முதலில் வரம்பைத் தொட்டாலும் மொத்த பேட்டரிக்கும் மின்னோட்டம் குறையும்.

5. இவ்வளவுக்கும் பிறகுதான் வயசு. கொள்ளளவையும் உள் மின்தடையையும் அளந்து எழுத்தில் கொடுக்க வேண்டும்.

சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டியவை: அன்றாடம் மெதுவான சார்ஜ், அவசியத்துக்கு வேகச் சார்ஜ். 100 சதவீதம் ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள். இரும்பு பாஸ்பேட் வகையில் மட்டும் அவ்வப்போது முழுசாக ஏற்றச் சொல்வார்கள். அதன் மின்னழுத்தக் கோடு தட்டையானது என்பதால், முழுசாக ஏறினால்தான் கண்காணிப்பு யூனிட்டுக்குச் சரியான கணக்குக் கிடைக்கும். ஆகவே பேட்டரி எந்த வகை என்று கேட்காமல் யோசனை சொல்லாதீர்கள்.

நியாயம் எந்தப் பக்கம்?

இனி இரண்டாவது பாகம். மெதுவாக்குவது பேட்டரிக்கு நல்லது என்று கணக்கு சொல்கிறது. அப்படியானால் கம்பெனி செய்வதெல்லாம் நியாயமா? இல்லை. வண்டியைக் காப்பாற்ற வேகத்தைக் குறைப்பது ஒன்று. வாரண்டிச் செலவைக் காப்பாற்றக் குறைப்பது இன்னொன்று. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியது அளவுதான்; கொள்ளளவு இவ்வளவு, மின்தடை இவ்வளவு, இதனால் இந்த வரம்பு என்ற விவரம். அந்த அளவு வண்டிக்குள் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினவர் கையில்தான் இல்லை.

இந்தியாவிலும் மின் கார் பேட்டரிக்கு நீண்ட வாரண்டி தருகிறார்கள். 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் மின் காருக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். நல்ல விஷயம். ஆனால் பேட்டரியின் ஆரோக்கியம் எவ்வளவு என்று அளந்து எழுதிக் காட்டினால்தானே வாரண்டியைக் கேட்க முடியும்? ஐரோப்பிய யூனியன் 2023-ல் நிறைவேற்றிய பேட்டரிச் சட்டம் இதைப் புரிந்துகொண்டது. பேட்டரியின் ஆரோக்கிய விவரத்தை வாங்கினவருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்கிறது. மின் வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் மின்னணு பாஸ்போர்ட் என்பதற்கு 2027 பிப்ரவரி 18 என்று தேதியும் குறித்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டியதும் அதுதான். சாஃப்ட்வேரை மாற்றினால் என்ன மாற்றினோம் என்று முன்கூட்டிச் சொல்லட்டும். ஆரோக்கிய அளவை டாஷ்போர்டில் காட்டட்டும். வெளிப் பட்டறைகளும் அதைப் படிக்க வழிவிடட்டும். நம் பக்கத்துக் கோரிக்கையும் ஒன்று உண்டு: நம் லேபுக்கு ஒரு லித்தியம் கலச் சோதனைக் கருவியும், உள் மின்தடை மீட்டரும் வரட்டும். ஹைட்ரோமீட்டரோடு படிப்பை முடித்துக்கொண்டு போனால், "நார்மல்தான்" என்று சொல்லத்தான் நமக்கும் தெரியும்.

நண்பர்களே, கம்பெனிக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் நடுவே, மீட்டரைக் கையில் பிடித்து நிற்கப்போகிறவர்கள் நாம். அந்த மீட்டர் என்ன சொல்கிறதோ அதை அப்படியே சொல்லுவோம். பழுது என்றால் பழுது, பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு, வயசு என்றால் வயசு. அதைச் சொல்லும் அளவுக்குப் படித்துவிட்டு வெளியே போவோம்.

மூன்றாம் ஆண்டு,
மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு